மூட்டு வலிக்காரர்களுக்குத் தண்ணீர்ப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்சென்னையில் ஒரு நீச்சல் குளத்தின் ஆழம் குறைந்த பக்கத்தை வாரத்தில் மூன்று நாள், மாலை நான்கிலிருந்து ஐந்து வரை, எங்கள் குழு வாடகைக்கு எடுத்திருக்கிறது. மூட்டு வலிக்காரர்கள் பதினைந்து இருபது பேர். பயிற்சி சொல்லித்தருபவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். நான் மருத்துவர் இல்லை. அம்மாவின் முட்டிக்காகத் துணைக்குப் போனவள். போகப் போக வருகைப் பதிவு, பணம் வசூல், போன் எல்லாம் என் தலையில் வந்து விழுந்தது. போனில் பெரும்பாலும் இதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன்.

"எனக்கு நீச்சல் சுத்தமா தெரியாது. நான் வரலாமா?"

தாராளமாக வரலாம். எங்கள் குழுவில் நீச்சல் தெரிந்தவர்கள் மூன்றே பேர். இங்கே யாரும் நீந்துவதில்லை. கால் தரையில் ஊன்றியிருக்கும், தலை நனையாது. முன்னும் பின்னும் நடப்பது, பக்கவாட்டில் நடப்பது, நின்ற இடத்திலேயே முட்டியை இடுப்புவரை தூக்குவது, ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைப் பின்னால் நீட்டுவது, தோள்வரை தண்ணீரில் நின்று கையை விரித்து மூடுவது, இவ்வளவுதான்.

நாங்கள் நிற்கும் இடத்தில் ஆழம் மூன்றரை அடியிலிருந்து நாலரை அடி. போட்டிகளுக்காகக் கட்டிய பெரிய குளங்கள் நமக்குச் சரிவராது. அங்கே பல இடங்களில் ஒரு ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர் நிற்கும், கால் ஊன்ற முடியாது.

"தண்ணியில நடந்தா மட்டும் என்ன வித்தியாசம்? அதே கால், அதே முட்டிதானே?"

முட்டி அதேதான், அது சுமக்கிற எடைதான் வேறு. 70 கிலோ உள்ள ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால்மேல் இறங்குவது ஏறக்குறைய பாதி, 35 கிலோ. மார்பளவு போனால் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ, 20 முதல் 23 கிலோ. கழுத்தளவில் ஆறேழு கிலோதான். தரையில் படி இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல மூன்று மடங்கு அழுத்தம் முட்டியில் விழுகிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும்.

இன்னொன்று, தண்ணீர் நாம் தள்ளுகிற அளவுக்குத்தான் திருப்பித் தள்ளும். காலை இரண்டு மடங்கு வேகமாக வீசினால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மெதுவாக வீசினால் எதிர்ப்பும் மெத்தென்று இருக்கும். ஜிம்மில் எடையைத் தூக்கி மாட்டுகிற மாதிரி யாரும் வந்து கூட்டிக் குறைக்க வேண்டாம். எண்பது வயது பாட்டியும் நாற்பத்தைந்து வயது மருமகளும் ஒரே வரிசையில் நின்று ஒரே பயிற்சியைச் செய்யலாம், ஆளுக்குத் தகுந்த பளு தானே அமையும்.

அப்புறம் அழுத்தம். நாலடித் தண்ணீரில் நின்றால் பாதத்தின்மேல் சுமார் 90 மி.மீ. பாதரச அளவுக்குத் தண்ணீர் அழுத்துகிறது. கால் வீக்கத்துக்கு மருத்துவர்கள் எழுதித்தரும் இறுக்கமான காலுறை பெரும்பாலும் 20, 30 என்ற அளவுதான். சாயங்காலம் செருப்புக்குள் நுழையாத கால், பயிற்சி முடிந்ததும் எளிதாக நுழைகிறது என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

"குளிர்ந்த தண்ணியில இறங்கினா வாதம் ஏறாதா? எங்க மாமியார் அடிச்சுச் சொல்றாங்க."

மாமியார் சொல்வதில் பாதி சரி. தண்ணீரால் மூட்டு தேயாது. ஆனால் குளிர்ந்த தண்ணீரில் தசைகள் இறுகும், இறுகின தசையோடு பயிற்சி செய்தால் வலிக்கத்தான் செய்யும். காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக இழுத்துவிடும். அதனால்தான் 27 டிகிரி அறையில் வியர்க்கிற நமக்கு 27 டிகிரி தண்ணீரில் நடுக்கம் வருகிறது.

அமெரிக்காவில் ஆர்த்ரைட்டிஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பும் ஒய்.எம்.சி.ஏ.வும் சேர்ந்து 1980களிலேயே இப்படிப்பட்ட ஊர்க்குழு வகுப்புகளை ஆரம்பித்துவிட்டன. அவர்கள் பரிந்துரைக்கும் வெப்பம் 28 முதல் 31 டிகிரி செல்சியஸ். மருத்துவமனைகளில் இதற்கென்றே கட்டிய குளங்களில் 33, 34, அதற்கு மேலும் வைப்பார்கள். எங்கள் குளத்தில் ஹீட்டர் கிடையாது, சூரியன்தான் ஹீட்டர். ஒரு வெப்பமானியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். ஆரம்பத்தில் காலை ஆறு மணிக்கு வைத்திருந்த வகுப்பை மாலை நான்குக்கு மாற்றியதும் இதனால்தான். வெயில் வாங்கிய தண்ணீருக்கும் விடியற்காலைத் தண்ணீருக்கும் மூன்று டிகிரிவரை வித்தியாசம் வந்தது. அப்படியும் டிசம்பர், ஜனவரியில் சில நாள் 26-ஐத் தாண்டாது. அன்றைக்கு வகுப்பு இல்லை என்று மதியமே செய்தி அனுப்பிவிடுவேன்.

"முட்டி தேஞ்சு போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார். தேஞ்சது இதுல வளருமா?"

வளராது. வளரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேய்ந்த குருத்தெலும்பைத் தண்ணீர் திருப்பித் தராது. முட்டியைச் சுற்றியுள்ள தசை வலுவாகும், மூட்டு மடங்கி நீளும் அளவு கூடும், நடக்கும்போது இருக்கிற பயம் குறையும்.

வலி எவ்வளவு குறையும் என்பதையும் உள்ளபடியே சொல்லிவிடுகிறேன். முட்டி, இடுப்பு மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் நடந்த 13 ஆய்வுகளை, மொத்தம் 1190 பேர், ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற சர்வதேச அமைப்பு அது) 2016-இல் வந்தது. பயிற்சி முடிந்த கையோடு அளந்தபோது, நூற்றுக்கு என்று வைத்த வலி அளவில் சராசரியாக 5 புள்ளி குறைந்திருந்தது. சின்ன மாற்றம்தான். அந்த ஆய்வுகளில் பயிற்சிக் காலம் சராசரியாக 12 வாரம். ஆகவே நான்கு வகுப்பு வந்துவிட்டு "ஒண்ணும் தெரியலையே" என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மூன்று மாதம் வாருங்கள், அப்புறம் சண்டை போடலாம்.

என் அம்மாவுக்கு வலி போய்விடவில்லை. ஆனால் பேருந்தில் முதல் படியில் கால் வைக்கும்போது நடத்துநரிடம் கை நீட்டுவதை விட்டுவிட்டார். வலியைப் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் இன்னும் ஆறு என்றுதான் சொல்வார்.

"ஏணியைப் பார்த்தாலே பயமா இருக்கு. எப்படி இறங்குறது, எப்படி ஏறுறது?"

இந்தக் கேள்வியை இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டும். குளத்தில் இருக்கிற வழக்கமான ஏணி செங்குத்தாக இருக்கும், படிகள் விரல் தடிமன் கம்பிகள். முட்டி நன்றாக மடங்குகிற, கையில் வலு இருக்கிற இளவட்டத்துக்கு அது ஏணி. நமக்கு அது சுவர். முதல் வாரத்தில் ஒரு மாமி இறங்கிவிட்டார். ஒரு மணி நேரம் சந்தோஷமாக நடந்தார், ஏற முடியவில்லை. தண்ணீரை விட்டு உடம்பு மேலே வர வர எடை திரும்பி வருகிறது இல்லையா, மூன்றாவது கம்பியில் முட்டி நின்றுவிட்டது. நாலு பேர் சேர்ந்து தூக்கிவிட்டோம். அவர் அப்புறம் வரவில்லை. வலியைவிட அந்த அவமானம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லித் தனியாகப் படிக்கட்டு செய்தோம். முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஒவ்வொரு படியும் முக்கால் சாண் உயரம்தான், பாதம் முழுக்க வைக்கிற அகலம், மேலே ரப்பர் விரிப்பு, இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்குக் கைப்பிடி. பட்டறைக்காரர் முதலில் கைப்பிடியைத் தண்ணீர் மட்டத்தோடு நிறுத்திவிட்டார். கரைக்கு மேலும் இரண்டடி நீள வேண்டும் என்று திருப்பி அனுப்பினோம். கடைசிப் படியிலிருந்து தரையில் கால் வைக்கும் அந்த ஒரு அடிக்குத்தான் பிடிமானம் மிகவும் தேவை.

இறங்கும்போது வலிக்கிற கால் முன்னே, ஏறும்போது நல்ல கால் முன்னே. இரண்டு காலும் வலித்தால் பின்பக்கமாக இறங்குங்கள், கைப்பிடியைப் பார்த்தபடி. ஏறி முடித்ததும் உடனே நடக்காமல் பக்கத்து நாற்காலியில் இரண்டு நிமிடம் உட்காருங்கள். உடம்பு திடீரென்று கனக்கும், சிலருக்குத் தலை லேசாகச் சுற்றும்.

"தண்ணியில வழுக்கி விழுந்துட்டா?"

தண்ணீருக்குள் விழுந்தாலும் மெதுவாகத்தான் விழுவோம், அதற்குள் பக்கத்தில் இருப்பவர் பிடித்துவிடுவார். எங்கள் குழுவில் இதுவரை விழுந்த இரண்டு பேரும் விழுந்தது உடை மாற்றும் அறைக்குப் போகிற வழியில், ஈர டைல்ஸில். அதனால் அடி வழுக்காத ரப்பர் செருப்பு இல்லாமல் வராதீர்கள். கைத்தடியோ வாக்கரோ வைத்திருப்பவர்கள் குளத்தின் ஓரம்வரை அதோடு வரலாம். ஒருவர் எப்போதும் நனையாமல் கரையில் நிற்கிறார், அவர் எடுத்து வைத்துக்கொள்வார். அவரைத் தவிர குளத்தின் லைஃப்கார்டும் இருப்பார்.

"புடவையோட இறங்கலாமா? நைட்டி?"

முடியாது. குளத்துக்காரர்கள் விடமாட்டார்கள் என்பது ஒரு பக்கம். நனைந்த பருத்திப் புடவை காலைச் சுற்றிக்கொள்ளும், நைட்டி குடை மாதிரி விரிந்து மேலே மிதக்கும். கையும் முழங்காலும் மூடுகிற நைலான் நீச்சல் உடை தி.நகர் கடைகளிலேயே கிடைக்கிறது, கணுக்கால்வரை வருவதும் உண்டு. செவ்வாயும் சனியும் பெண்கள் மட்டும். வியாழன் எல்லோருக்கும். கூச்சம் முதல் வகுப்பில் பத்து நிமிடம் இருக்கும். கழுத்தளவு தண்ணீரில் யார் என்ன போட்டிருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

"தண்ணியில இருக்கும்போது நல்லாத்தான் இருந்தது. ராத்திரி முட்டி விண்ணு விண்ணுன்னு வலிச்சுது. விட்டுடலாமா?"

விட வேண்டாம், குறைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் வலி தெரியாததால் முதல் நாளே எல்லோரும் அதிகமாகச் செய்துவிடுகிறார்கள். இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. முடித்து இரண்டு மணி நேரம் கழித்தும், வருவதற்கு முன் இருந்ததைவிட வலி அதிகமாக இருந்தால், செய்தது அதிகம். அடுத்த தடவை நேரத்தைப் பாதியாக்குங்கள், அல்லது வேகத்தைக் குறையுங்கள். வேகம் பாதியானால் எதிர்ப்பு கால்வாசியாகும் என்பது மேலே சொன்ன கணக்குதான்.

தசை வலியையும் மூட்டு வலியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். தொடையில், பின்னங்காலில் ஒரு நாள் கழித்து வருகிற அசதி வலி பழகாத தசை வேலை செய்ததால் வருவது. மூட்டுக்குள்ளேயே குத்துகிற வலி, புதிதாக வீக்கம், சூடு என்றால் சார் கிட்டே (பிசியோதெரபிஸ்டைத்தான் எல்லோரும் அப்படிக் கூப்பிடுகிறோம்) சொல்லாமல் அடுத்த வகுப்பில் இறங்காதீர்கள்.

"பி.பி., சுகர் ரெண்டும் இருக்கு. பரவாயில்லையா?"

இரண்டும் கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் பரவாயில்லை, ஆனால் உங்கள் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள். கழுத்தளவு தண்ணீரில் நின்றால் கால், வயிற்றிலிருந்து முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான ரத்தம் மார்புப் பக்கம் தள்ளப்படுகிறது. நல்ல இதயம் அதைச் சமாளித்துவிடும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு அது கூடுதல் சுமை. அதனால்தான் கடிதம் கேட்கிறோம், சம்பிரதாயத்துக்காக இல்லை. இதே காரணத்தால் தண்ணீரில் இருக்கும்போது சிறுநீரும் அதிகம் சுரக்கும். வருவதற்கு முன் கழிப்பறை போய்வாருங்கள், முடிந்ததும் தண்ணீர் குடியுங்கள்.

சர்க்கரைக்காரர்கள் வெறும் வயிற்றோடு வரக் கூடாது. இன்சுலின் போடுகிறவர்கள் பையில் நாலு குளுக்கோஸ் பிஸ்கட்டோ சர்க்கரைப் பொட்டலமோ வைத்திருங்கள், எது எங்கே இருக்கிறது என்று கரையில் நிற்பவரிடமும் சொல்லிவையுங்கள். பாதம் மரத்துப்போனவர்கள் தண்ணீருக்குள்ளும் ரப்பர் காலணி போட வேண்டும். டைல்ஸ் விளிம்பு கீறினால் உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போனதும் விரல் இடுக்கைத் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள்.

"எனக்குத் தேய்மானம் இல்ல, முடக்குவாதம். வீங்கியிருக்கிற நாள்ல வரலாமா?"

மூட்டு சூடாகச் சிவந்து வீங்கியிருக்கிற நாட்களில் ஓய்வுதான். வீக்கம் அடங்கியதும் வரலாம், விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் பாதியிலிருந்து தொடங்குங்கள். காலையில் கை விரல்கள் இறுக்கமாக இருக்கிறவர்களுக்கு மாலை வகுப்பு வசதி. நுரைப்பந்து, நூடுல் என்கிற நீளமான நுரைக்குழாய் இவற்றைப் பிடிக்கச் சொன்னால் இறுக்கிப் பிடிக்காதீர்கள், முன்கையால் அணைத்துக்கொண்டால் போதும்.

"முட்டி மாத்துற ஆபரேஷன் ஆயிருக்கு. உள்ளே வெச்ச இரும்பு துருப்பிடிக்காதா?"

சிரிக்க வேண்டாம், மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். அது இரும்பில்லை. கோபால்ட்-குரோமியம் கலவை, டைட்டானியம், நடுவில் உறுதியான பிளாஸ்டிக். அதுவும் தோலுக்கு உள்ளே இருக்கிறது, குளத்துத் தண்ணீர் அதைத் தொடவே தொடாது. பார்க்க வேண்டியது மேலே இருக்கிற தையல் காயம்தான். அது முழுக்க மூடி, பொருக்கு உதிர்ந்து, அறுவை செய்த மருத்துவர் சரி என்று சொல்லும்வரை இறங்கக் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு அதற்கு நாலிலிருந்து ஆறு வாரம் ஆகிறது. நீச்சல் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: தவளை மாதிரி காலை விரித்து உதைக்கும் நீச்சல் முட்டியைத் திருகும், மருத்துவரைக் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள்.

"கேக்கவே கூச்சமா இருக்கு. இருமினா ரெண்டு சொட்டு போயிடும். நான் வரலாமா?"

வரலாம். அறுபது தாண்டிய பெண்களில் இது இல்லாதவர்கள்தான் குறைவு என்று எங்கள் குழுவைப் பார்த்தால் தோன்றுகிறது. முன்னாடியே கழிப்பறை போய்விட்டு இறங்குங்கள், பாதியில் வெளியே போக வேண்டுமென்றால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். மலம் கட்டுப்படாதவர்களும், வயிற்றுப்போக்கு இருப்பவர்களும் மட்டும் வரக் கூடாது.

சொட்டைவிட எங்களுக்குப் பெரிய தலைவலி தைலம். வலிக்கிறதென்று முட்டியில் தைலத்தையும் தலையில் தேங்காய் எண்ணெயையும் தேய்த்துக்கொண்டு வந்து இறங்கினால் தண்ணீர்மேல் ஏடு படிந்துவிடுகிறது. இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளிப்பது கட்டாயம். குளத்தில் மூக்கைத் துளைக்கிற குளோரின் வாடை வந்தால் குளோரின் அதிகம் என்று நினைத்துக்கொள்கிறோம். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகிற குளோரமின் வாடை அது. சுத்தமான குளம் அவ்வளவாக வாடை அடிக்காது.

"அப்போ யார்தான் வரக் கூடாது?"

ஆறாத காயம், காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, தோல் தொற்று இருக்கும் நாட்களில் யாரும் வரக் கூடாது. கட்டுக்குள் வராத வலிப்பு, படுத்தால் மூச்சு வாங்குகிற இதய நோய், அண்மையில் வந்த மாரடைப்பு உள்ளவர்கள் எங்கள் மாதிரிக் குழுவுக்கு வேண்டாம். நுரையீரல் நோய் உள்ளவர்கள் மார்புக்கு மேல் தண்ணீர் போகாமல் நிற்க வேண்டும், தண்ணீர் நெஞ்சை அழுத்தும்.

சக்கர நாற்காலியில் இருக்கும் அப்பாவைக் கூட்டி வரலாமா என்று மகன்கள் கேட்கிறார்கள். எழுந்து நாலு அடி வைக்க முடிந்தால் எங்கள் படிக்கட்டு போதும், கூடவே நீங்களும் தண்ணீரில் இறங்க வேண்டும். நிற்கவே முடியாதவரை இறக்கி ஏற்றும் வசதி எங்களிடம் இல்லை. அவர்களுக்குச் சக்கர நாற்காலியைத் தண்ணீருக்குள் இறக்குகிற சாய்தளமோ ஆளைத் தூக்கி இறக்குகிற கருவியோ உள்ள மருத்துவமனைக் குளம்தான் வேண்டும்.

"இது செஞ்சா வாக்கிங்கை விட்டுடலாமா?"

விடாதீர்கள். தண்ணீரில் எடை குறைவது மூட்டுக்கு நல்லது, எலும்புக்கு அதில் பெரிய லாபம் இல்லை. எலும்பு உறுதியாக இருக்க அது கொஞ்சம் எடை சுமக்க வேண்டும். எலும்பு மெலிவு இருக்கிறவர்கள் இதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. வகுப்பு இல்லாத நாட்களில் பத்து நிமிட நடை, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருவது, இதையாவது செய்யுங்கள். தண்ணீரில் நடந்தே வீட்டுப் படி ஏறிவிடலாம் என்று இருந்த ஒரு அண்ணன், ஆறு மாதம் கழித்தும் படியில் தடுமாறினார். தரையில் செய்வதற்குத் தரையில்தான் பழக வேண்டும்.

"எங்க ஊர்ல குளமே இல்ல. ஏரியில, கடல்ல செய்யலாமா? பம்ப்செட் தொட்டி?"

கடல், ஏரி, கிணறு மூன்றும் வேண்டாம். அலையும் நீரோட்டமும் நல்ல கால் இருப்பவரையே தள்ளிவிடும், கோயில் குளத்துப் படிகளில் பாசி. பம்ப்செட் தொட்டி எனக்கே ஆசை காட்டுகிற யோசனைதான். எங்கள் தாத்தா வீட்டில் ஒன்று இருந்தது, நாலடி ஆழம், பூமிக்கடியிலிருந்து வருவதால் குளிர்காலத்திலும் வெதுவெதுப்பு. ஆனால் உள்ளே இறங்கப் படி கிடையாது, அடியில் வழவழப்பு, மோட்டார் கம்பி பக்கத்திலேயே ஓடும். சுற்றுச்சுவரில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டு ஆட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"எங்க அப்பார்ட்மெண்ட்ல குளம் சும்மாதான் கிடக்கு. நாங்களே ஆரம்பிக்கணும்னா?"

முதலில் படிக்கட்டு. ஏணி இருக்கிறதே என்று சங்கத்தில் சொல்வார்கள், அந்த மாமியின் கதையைச் சொல்லுங்கள். அடுத்து, முதல் இரண்டு மாதமாவது ஒரு பிசியோதெரபிஸ்ட். வீடியோ பார்த்துச் செய்தால் எல்லோரும் ஒரே வேகத்தில் குதிப்பார்கள், யாருக்கு இடுப்பு, யாருக்கு முதுகு என்று வீடியோவுக்குத் தெரியாது. பத்துப் பேருக்கு மேல் என்றால் தண்ணீருக்குள் ஒரு துணை ஆள், கரையில் ஒரு நனையாத ஆள். தண்ணீர்ப் பரிசோதனை தினமும் நடக்கிறதா, குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 7.2 முதல் 7.8 என்று ஏட்டில் எழுதுகிறார்களா என்று பராமரிப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள். ஏடே இல்லை என்றால் குளத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பாட்டுப் போடலாமா என்றால் போடலாம், மெதுவான பாட்டாக. குத்துப்பாட்டுப் போட்ட அன்றைக்கு ராத்திரி எனக்கு எட்டுப் பேர் போன் செய்தார்கள், எல்லோருக்கும் முட்டி.

"சும்மா ஒரு நாள் வந்து பார்த்துட்டுப் போகலாமா?"

வாங்க. செவ்வாய், வியாழன், சனி, நாலு மணி. பெண்கள் எந்த நாளும், ஆண்கள் வியாழன் மட்டும். முதல் நாள் பணம் வாங்குவதில்லை. மருத்துவர் கடிதம் இல்லாமல் தண்ணீரில் இறக்கமாட்டோம், அதனால் அதைக் கையோடு கொண்டு வந்துவிடுங்கள். ஒரு துண்டும் மாற்றுத் துணியும்கூட. பார்க்க மட்டும் வந்தேன் என்று சொன்னவர்கள் பலர், ஐந்தரை மணிக்கு ஈரத் தலையோடு போயிருக்கிறார்கள்.